788 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்? லண்டன்–சூரிச் விமானத்தை வைத்து ஒரு விளக்கம்

லண்டனில் இருந்து சூரிச்சுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று தேடினால் ஒரு தளம் ஒன்றேகால் மணி நேரம் என்கிறது. இன்னொன்று ஒன்றரை என்கிறது. டிக்கெட்டில் ஒன்றே முக்கால் என்று போட்டிருக்கிறது. அதே டிக்கெட்டில் புறப்பாடு 9.00, வந்து சேர்வது 11.45 என்று இருக்கும். கழித்துப் பார்த்தால் இரண்டே முக்கால் மணி நேரம் வருகிறது. அடிக்கடி போய்வருகிற உறவுக்காரர் யாரையாவது கேட்டால் “அரை நாள் போயிடும்” என்பார்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கடிகாரத்தை ஒவ்வோர் இடத்தில் ஓடவிட்டு ஒவ்வோர் இடத்தில் நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான். எந்தக் கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டால் ஐரோப்பாவில் எந்த இரண்டு ஊருக்கும் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். லண்டன்–சூரிச்சை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், குழப்பத்துக்கு வேண்டிய எல்லாம் இந்த ஒரு வழித்தடத்தில் இருக்கிறது. நடுவில் கடல், ஒரு மணி நேரக் கடிகார வித்தியாசம், நெரிசலான ஒரு விமான நிலையம், பக்கத்து நாட்டோடு தகராறு உள்ள இன்னொரு விமான நிலையம்.

முதலில் தூரம். “லண்டன்” என்றால் எந்த லண்டன்? ஹீத்ரோவில் இருந்து சூரிச் விமான நிலையம் 788 கிலோமீட்டர். நகரத்துக்குள்ளேயே இருக்கிற லண்டன் சிட்டி விமான நிலையத்தில் இருந்து சுமார் 760. வடக்கே தள்ளி இருக்கிற லூட்டனில் இருந்து சுமார் 807. விமான நிலையங்களை விட்டுவிட்டு நகர மையத்துக்கு நகர மையம் அளந்தால் 775க்குப் பக்கத்தில் வரும். இணையத்தில் நீங்கள் பார்க்கிற வெவ்வேறு எண்களில் பாதி இதனால்தான். அளக்கத் தொடங்கிய புள்ளி வேறு.

இந்த 788ஐ நாமே கண்டுபிடிக்க முடியுமா? தாராளமாக. பள்ளிக்கூடக் கணக்கு போதும். ஹீத்ரோ வடக்கே 51.47 பாகை அட்சரேகையிலும், மேற்கே 0.45 பாகை தீர்க்கரேகையிலும் இருக்கிறது. சூரிச் விமான நிலையம் வடக்கே 47.46, கிழக்கே 8.55. ஆக, வடக்கு–தெற்காக 4 பாகை வித்தியாசம். கிழக்கு–மேற்காக 9 பாகை. ஒரு பாகை அட்சரேகை என்பது எங்கே அளந்தாலும் ஏறக்குறைய 111.2 கிலோமீட்டர். அதனால் முதல் வித்தியாசம் 445 கிலோமீட்டர்.

தீர்க்கரேகையில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். நிலநடுக்கோட்டில் ஒரு பாகை தீர்க்கரேகையும் 111 கிலோமீட்டர்தான். ஆனால் வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கிக்கொண்டே போய்த் துருவத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. எவ்வளவு நெருங்குகின்றன என்பதை அந்த அட்சரேகையின் கொசைன் சொல்லிவிடும். இரண்டு ஊருக்கும் நடுவில் 49.5 பாகை, அதன் கொசைன் 0.65. எனவே 9 பெருக்கல் 111.2 பெருக்கல் 0.65, அதாவது 650 கிலோமீட்டர். இப்போது 445ம் 650ம் செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். பித்தாகரஸ் தேற்றத்தைப் போட்டால் கர்ணம் 788. அப்படியே விழுகிறது, பாருங்கள்.

இந்தக் குறுக்குவழி ஆயிரம் கிலோமீட்டர் வரை நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் பூமியின் வளைவு கணக்கில் புகுந்துவிடும். அப்போது தேவைப்படுவது பெருவட்டத் தூரம். கோளத்தின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருக்கும் மிகக் குறுகிய பாதை அது. வீட்டில் பூமி உருண்டை இருந்தால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் படிகிற இடம்தான் பெருவட்டப் பாதை. விமானத் தூரம் சொல்லும் தளங்கள் எல்லாம் தருவது இதைத்தான்.

வரைபடத்தில் விமானப் பாதை வில்லாக வளைந்து தெரிவதும் இதனால்தான். ஆனால் ஐரோப்பாவுக்குள் இந்த வளைவைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கருத்து. மாட்ரிட்டையும் இஸ்தான்புல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, கண்டத்தின் இரண்டு முனைகள். வரைபடத்தில் கிடைக்கோட்டில் நேர் கிழக்காகப் போனால் சுமார் 2,755 கிலோமீட்டர். பெருவட்டப் பாதை நடுவழியில் அந்தக் கோட்டில் இருந்து 130 கிலோமீட்டர் வடக்கே ஏறி இறங்குகிறது. இவ்வளவு ஏறி இறங்கி மிச்சமாவது பதினைந்து கிலோமீட்டர்தான், விமானத்துக்கு ஒரு நிமிடம். அட்லாண்டிக்கைத் தாண்டும்போது இது பெரிய விஷயம். லண்டன்–சூரிச்சுக்கு ஒன்றுமே இல்லை.

அலகு இன்னொரு தொல்லை. செயலியில் 490 மைல் என்று காட்டும், விமானி 425 என்பார், இணையதளம் 788 என்னும். மூன்றும் ஒரே தூரம். முதலாவது சாலை மைல், 1.609 கிலோமீட்டர். இரண்டாவது கடல் மைல், 1.852 கிலோமீட்டர். அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைப்பதுதான் கடல் மைலின் மூலம். கப்பல்காரர்களிடம் இருந்து விமானிகள் எடுத்துக்கொண்டது.

சரி, 788 கிலோமீட்டர் என்று முடிவாயிற்று. ஆனால் அந்த 788ஐ எந்த விமானமும் பறப்பதில்லை.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். தெற்கு இங்கிலாந்தில் பெரும்பாலான நாட்கள் மேற்கில் இருந்து காற்று அடிக்கிறது. அதனால் ஹீத்ரோவில் விமானம் மேற்கு நோக்கி எழும்புகிறது. சூரிச் இருப்பதோ தென்கிழக்கில். எழும்பி, வீடுகள் குறைவான, முன்கூட்டியே வரையறுத்த பாதையில் வளைந்து திரும்பி, அப்புறம்தான் ஊரைப் பார்த்துப் போக ஆரம்பிக்கும். பயணிகள் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது வின்ட்சர் கோட்டை தெரிகிறதென்றால், நீங்கள் போக வேண்டிய திசைக்கு நேர் எதிராகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மறுமுனையில் சூரிச்சில் வேறு கதை. அந்த விமான நிலையம் ஜெர்மன் எல்லையை ஒட்டி இருக்கிறது. வடக்கே இருந்து வந்து இறங்குவதுதான் அங்கே வசதி. ஆனால் அப்படி வந்தால் தெற்கு ஜெர்மனிக்கு மேல் தாழ்வாகப் பறக்க வேண்டும். அங்குள்ள மக்கள் இரைச்சலை எதிர்த்துப் போராட, 2003இல் ஜெர்மனி அதிகாலையிலும் இரவிலும் தன் எல்லைக்கு மேல் வரும் இந்தத் தாழ்வான வருகைகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. வார நாட்களில் காலை 7 மணி வரை, வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் காலை 9 மணி வரை. அதனால் அந்தக் காலை வேளைகளில் விமானங்கள் தெற்கே சுற்றிக்கொண்டு சூரிச்சின் புறநகர்க் கூரைகளுக்கு மேலாக வந்து இறங்குகின்றன. அங்கே இருக்கிறவர்களுக்கு இதில் இன்றுவரை கோபம்தான். ஆக, சனிக்கிழமை காலை முதல் விமானம் வருகிற வழியும் திங்கள் மத்தியானம் வருகிற வழியும் ஒன்றாக இருக்காது. நடுவில் ராணுவப் பயிற்சிக்கு ஒதுக்கிய வான்பகுதிகள், இடிமேகங்கள், மற்ற விமானங்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்தால் 788க்கு மேல் சில பத்துக் கிலோமீட்டர் கூடுவது சகஜம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஐரோப்பாவிலேயே ஓர் உச்ச உதாரணம் மாஸ்கோ–கலினின்கிராடு. இரண்டுமே ரஷ்ய நகரங்கள், ஆனால் கலினின்கிராடு ரஷ்யாவின் மற்ற நிலத்தோடு ஒட்டாமல் லித்துவேனியாவுக்கும் போலந்துக்கும் நடுவில் தனியாக இருக்கிறது. நேர்க்கோட்டில் சுமார் 1,090 கிலோமீட்டர். 2022 பிப்ரவரி வரை பெலாரஸ், லித்துவேனியா வழியாக நேராகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். உக்ரைன் போர் தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியதும், வடக்கே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் போய், பின்லாந்து வளைகுடாவுக்கு மேலாகத் திரும்பி, பால்டிக் கடலின் சர்வதேச வான்வெளி வழியாகத் தெற்கே வர வேண்டியதாயிற்று. பெருவட்டத் தூரம் அப்படியே இருக்கிறது. பயண நேரம் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் கூடிவிட்டது. தூரத்தை மட்டும் வைத்து நேரம் சொல்கிறவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

இனி நேரத்துக்கு வருவோம்.

குறுகிய வழித்தடங்களில் ஓடும் ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் உயரத்தில் மணிக்கு சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 788ஐ 830ஆல் வகுத்தால் 57 நிமிடம். இந்த எண்ணை மறந்துவிடுங்கள். இந்த வேகத்தில் விமானம் பறப்பது பாதி வழிதான்.

ஏறுவதற்கு ஏறக்குறைய 20 நிமிடம் ஆகிறது. அதற்குள் 200 கிலோமீட்டர் போய்விடுகிறது. இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். 36,000 அடியில் இருந்தால் 108 கடல் மைல், அதாவது 200 கிலோமீட்டருக்கு முன்பே இறங்க ஆரம்பிக்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே வழக்கமாக 250 நாட், அதாவது மணிக்கு 250 கடல் மைல் வேகம்தான் வரம்பு, நம் கணக்கில் 460 கிலோமீட்டர். கடைசி முப்பது, நாற்பது கிலோமீட்டரில் வேகம் அதிலும் பாதியை நோக்கி இறங்கிக்கொண்டே வரும். ஆக இறங்குவதற்கு 25 நிமிடம்.

மிச்சம் 400 கிலோமீட்டர். அதை மட்டும்தான் 830இல் பறக்கிறது, 29 நிமிடம். 20ம் 29ம் 25ம் சேர்த்தால் 74. சக்கரம் தரையை விட்டதில் இருந்து தரையைத் தொடும் வரை ஒன்றேகால் மணி நேரம். விமானப் பணியாளர்கள் ஏன் அவ்வளவு அவசரமாக டீயைக் கொடுத்து, அதைவிட அவசரமாகக் காலிக் கோப்பையை வாங்குகிறார்கள் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும். அவர்களுக்கு இருப்பது அந்த 29 நிமிடமும், ஏற்றத்திலும் இறக்கத்திலும் கொஞ்சமும்தான். காது அடைக்க ஆரம்பித்து, எஞ்சின் சத்தம் சட்டென்று தணிகிறதா? இறங்க ஆரம்பித்துவிட்டது. கீழே இருப்பது இன்னும் பிரான்ஸாகக்கூட இருக்கலாம்.

ஆனால் டிக்கெட்டில் இருப்பது ஒன்றே முக்கால் ஆயிற்றே? அந்த அரை மணி நேரம் தரையில் போகிறது.

டிக்கெட்டில் 9.00 என்று போட்டால் 9 மணிக்கு விமானம் வானத்தில் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 9 மணிக்குக் கதவு சாத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டைகளை எடுத்து, இழுவை வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளத் தொடங்க வேண்டும். அதுதான் புறப்பாடு. அதேபோல் 11.45 என்பது ஓடுபாதையைத் தொடும் நேரம் கிடையாது. நிறுத்துமிடத்துக்கு வந்து, நின்று, மறுபடி கட்டை வைக்கும் நேரம். கட்டை எடுத்ததில் இருந்து கட்டை வைக்கும் வரையிலான இந்த நேரத்துக்குத் துறையில் பிளாக் டைம் என்று பெயர். விமானியின் பதிவேட்டில் ஏறுவதும் இதுதான், டிக்கெட்டில் அச்சாவதும் இதுதான்.

ஹீத்ரோவில் இருப்பது இரண்டே ஓடுபாதைகள். வழக்கமாக ஒன்றில் இறங்குவார்கள், இன்னொன்றில் ஏறுவார்கள். உலகின் மிக நெரிசலான விமான நிலையங்களில் ஒன்றுக்கு ஏறுவதற்கு ஒரு பாதை என்றால், வரிசை நிற்கத்தானே செய்யும். முனையத்தில் இருந்து ஊர்ந்து போய் வரிசையில் நின்று எழும்ப 20 நிமிடம் என்பது அங்கே சாதாரணம். சூரிச்சில் இறங்கி நிறுத்துமிடம் சேர இன்னொரு ஏழெட்டு நிமிடம். 74ஓடு இதையும் சேர்த்தால் 101, 102 நிமிடம். டிக்கெட்டில் 1 மணி 45 நிமிடம். இரண்டும் ஒத்துப்போகிறதா?

ஒத்துப்போகிறது என்றாலும், டிக்கெட் நேரத்துக்குள் கொஞ்சம் பஞ்சும் திணித்திருப்பார்கள். 15 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் “சரியான நேரம்” என்று கணக்கு வைப்பது துறையின் வழக்கம். அந்தக் கணக்கு அழகாக இருக்க வேண்டுமென்றால் அட்டவணையில் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிடலாம். 20 நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் “சரியான நேரத்துக்கு” வந்து இறங்குகிற அதிசயத்தின் ரகசியம் இது. விமானி வழியில் மிதித்து ஓட்டியதாக நினைத்துக் கை தட்ட வேண்டாம்; நேரம் ஏற்கெனவே உள்ளே இருந்தது. இதை ஏமாற்று வேலை என்று சிலர் திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவருக்கு நம்பத்தக்க 1.45, நம்பமுடியாத 1.25ஐ விட மேல்.

சில நேரம் எல்லாரும் உட்கார்ந்து பெல்ட்டும் போட்ட பிறகு “நமக்கு ஸ்லாட் கிடைத்திருப்பது அரை மணி நேரம் கழித்து” என்று கேப்டன் அறிவிப்பார். அவர் கையில் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவின் விமானப் போக்குவரத்து ஓட்டத்தை யூரோகன்ட்ரோல் என்ற அமைப்பு ஒருங்கிணைக்கிறது, தலைமையகம் பிரஸ்ஸல்ஸ். வழியில் ஏதோ ஒரு வான்பகுதியிலோ இறங்கும் இடத்திலோ நெரிசல் என்றால், மேலே போய்ச் சுற்றிக்கொண்டிருப்பதற்குப் பதில் தரையிலேயே நில் என்று ஓர் எழும்பும் நேரத்தைக் கணக்கிட்டுத் தருவார்கள். அந்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்பு தொடங்கி 10 நிமிடம் பின்பு வரைக்குள் எழும்பிவிட வேண்டும். தவறினால் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு ஏன் சும்மா நிற்கிறார்கள் என்றால், இடம் விட்டால் உடனே நகரத் தயாராக இருப்பதற்காக.

திரும்பி வரும்போது, அதாவது சூரிச்–லண்டன், அட்டவணையில் ஐந்து பத்து நிமிடம் கூடுதலாகவே போட்டிருப்பார்கள். காரணம் கேட்டால் எல்லாரும் காற்று என்பார்கள். பாதி சரி. மேலே மேற்கில் இருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று போகும்போது தள்ளிவிடும், வரும்போது தடுக்கும். ஆனால் எவ்வளவு? காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு அந்த நடு 400 கிலோமீட்டருக்குக் கணக்குப் போடுங்கள். போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 930, நேரம் 26 நிமிடம். வரும்போது 730, நேரம் 33 நிமிடம். வித்தியாசம் ஏழு நிமிடம். ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால் பத்தைத் தொடலாம். நீண்ட தூரத்தில் இதே காற்று பிரமாதப்படுத்திவிடும். 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் புயல்காற்று முதுகில் தள்ள, நியூயார்க்கில் இருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்கும் குறைவாக வந்து சேர்ந்தது. ஐரோப்பாவுக்குள் அந்த வேடிக்கைக்கு இடமில்லை.

மீதிப் பாதிக் காரணம் ஹீத்ரோவின் வரிசை. இறங்க வரும் விமானங்களை லண்டனைச் சுற்றி நான்கு இடங்களில் வட்டமடிக்க வைக்கிறார்கள்: பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் ஹில். ஒவ்வோர் இடத்திலும் விமானங்கள் ஆயிரம் அடிக்கு ஒன்றாக அடுக்கி நிற்கும். கீழே இருப்பதை எடுத்து ஓடுபாதைக்கு அனுப்பியதும் மேலே இருப்பவை ஒவ்வொரு படி இறங்கும். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். தென்கிழக்கில் இருந்து வருகிற நம் சூரிச் விமானத்துக்குப் பெரும்பாலும் வாய்ப்பது பிகின் ஹில். ஜன்னலில் ஒரே வயலும் ஒரே ஊரும் இரண்டு தடவை வந்தால் புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது கடிகாரம். டிக்கெட்டில் போடும் நேரங்கள் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். சூரிச் லண்டனை விட ஒரு மணி நேரம் முன்னால். அதனால் 9.00 புறப்பட்டு 11.45 சேர்ந்தால் பயணம் இரண்டே முக்கால் அல்ல, ஒன்றே முக்கால். திரும்பும்போது இன்னும் வேடிக்கை: 13.00க்குப் புறப்பட்டு 13.50க்கு வந்துவிடும். 50 நிமிடத்தில் வந்ததாக நினைத்துக்கொண்டு வரவேற்க வருகிறவரை விரட்ட வேண்டாம். ஒரு மணி 50 நிமிடப் பயணம் அது. கிழக்கே போனால் ஒரு மணி நேரத்தைக் கழி, மேற்கே வந்தால் கூட்டு.

மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஐரோப்பாவில் கடிகாரத்தை மாற்றுகிறார்களே, அப்போது? லண்டனும் சூரிச்சும் ஒரே கணத்தில் மாற்றுகின்றன, கிரீன்விச் நேரம் அதிகாலை 1 மணிக்கு. அதனால் வித்தியாசம் வருடம் முழுக்க ஒரு மணி நேரம்தான். இப்படி இல்லாத காலமும் உண்டு. சுவிஸ் மக்கள் 1978இல் வாக்கெடுப்பு நடத்திக் கோடை நேரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 1980இல் சுற்றியிருக்கிற நாடுகள் எல்லாம் கடிகாரத்தைத் தள்ளி வைக்க, சுவிட்சர்லாந்து மட்டும் ஒரு கோடை முழுக்கத் தனியாக நின்றது. ரயில் அட்டவணைகள் தலைகீழானதில் அடுத்த வருடமே அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். துருக்கி 2016 முதல் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. அதனால் இஸ்தான்புல்லுக்கும் லண்டனுக்கும் கோடையில் இரண்டு மணி நேரம், குளிர்காலத்தில் மூன்று.

தூரம், நேரம் இரண்டும் பணமாக மாறுகிற ஓர் இடம் உண்டு. 2004ஆம் வருடத்து ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி 261இன்படி, விமான நிறுவனத்தின் பொறுப்பில் வரும் காரணத்தால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு கேட்கலாம். 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. ஒன்றியத்துக்குள் அதற்கு மேல் 400 யூரோ. எந்தத் தூரம்? பறந்த தூரம் அல்ல. பெருவட்டத் தூரம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. இடையில் விமானம் மாறினால்? ரோமில் இருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போன பயணிகளின் வழக்கில் இந்தக் கேள்வி வந்தது. இரண்டு கட்டங்களையும் கூட்டினால் 1,656 கிலோமீட்டர். ரோம்–ஹாம்பர்க் நேராக 1,326. முதல் கணக்கில் 400, இரண்டாவதில் 250. நேர்த்தூரம்தான் செல்லும் என்று 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுற்றிப் போன அலைச்சலுக்குக் காசு இல்லை.

“சேர்ந்த நேரம்” என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. சால்ஸ்பர்க்கில் இருந்து கொலோன்/பான் வந்த ஒரு விமானம் ஓடுபாதையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடம் வந்தபோது 3 மணி 3 நிமிடம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. சக்கரம் தொட்டதுதான் வருகை என்று நிறுவனம் வாதிட்டது. ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வந்தால்தான் வருகை என்று 2014இல் தீர்ப்பு. ஆக டிக்கெட்டின் கடிகாரம் கட்டை வைக்கும்போது நிற்கிறது, சட்டத்தின் கடிகாரம் கதவு திறக்கும்போது நிற்கிறது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டன் இதே விதியைப் பவுண்டில் வைத்துக்கொண்டிருக்கிறது; லண்டன்–சூரிச் தூரத்துக்கு 220 பவுண்டு. விதியைத் திருத்தும் பேச்சு ஒன்றியத்தில் நடந்துவருவதால், உரிமை கோரும் நாளில் நடப்பில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உறவுக்காரர் சொன்ன “அரை நாள்”. அவர் கணக்குதான் வாழ்க்கைக் கணக்கு. தமிழர்கள் நிறைய இருக்கிற ஈஸ்ட் ஹாமில் இருந்து சூரிச்சில் இருக்கிற சித்தி வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள். ஹீத்ரோ ஊரின் மறுகோடியில். ரயில் மாறிப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். விமானம் ஒன்றே முக்கால். சூரிச்சில் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி என்று முக்கால் மணி நேரம். விமானம் தள்ளி இருக்கிற ‘ஈ’ கட்டடத்தில் நின்றால் சுரங்கத்தில் ஓடும் ஒரு குட்டி ரயிலில் வர வேண்டியிருக்கும். உள்ளே மாடு கத்துகிற சத்தமும் கழுத்துமணி ஓசையும் போடுவார்கள், பயந்துவிடாதீர்கள். விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நகர மைய நிலையம். அங்கிருந்து டிராம் பிடித்துச் சித்தி வீட்டு மணியை அடிக்கும்போது ஆறேகால் மணி நேரம் ஆகியிருக்கும். அதில் வானத்தில் இருந்தது ஒன்றேகால்.

இந்தக் கணக்கில் விமானத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. விமான நிலையத்தை மாற்றினால் ஆகும். ஈஸ்ட் ஹாமுக்கு லண்டன் சிட்டி விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. சின்ன இடம், சோதனையும் சீக்கிரம் முடியும். வீட்டில் இருந்து கேட் வரைக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிடும். டிக்கெட் கொஞ்சம் கூட இருந்தாலும் எனக்குக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். இடையில் பிராங்க்பர்ட்டில் மாறிப் போகிற மலிவு டிக்கெட்டைத் தொடவே மாட்டேன். 940 கிலோமீட்டர், இரண்டு தடவை ஏற்றம், இரண்டு தடவை இறக்கம், நடுவில் காத்திருப்பு.

ரயிலிலும் போகலாம். லண்டன் செயின்ட் பான்கிராஸில் இருந்து யூரோஸ்டாரில் பாரிஸ் கார் து நோர் நிலையம் சுமார் 2 மணி 20 நிமிடம். அங்கிருந்து ஆர்இஆர் என்கிற பாரிஸ் புறநகர் ரயிலில் இரண்டே நிறுத்தம், கார் து லியோன் நிலையம். அப்புறம் லிரியா அதிவேக ரயிலில் சூரிச்சுக்கு நான்கு மணி நேரம். பாஸ்போர்ட் சோதனைக்கு முன்கூட்டிப் போவது, பாரிஸில் மாறுவதற்கு விடும் இடைவெளி எல்லாம் சேர்த்து எட்டு, ஒன்பது மணி நேரம். விமானத்தின் ஒன்றே முக்காலோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆறேகாலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.